வெளியே கருகல், உள்ளே பச்சை: தேன் பூசிய கோழியில் வரும் பிழைகளும் திருத்தும் வழிகளும்

மாங்குளத்தில் இருக்கும் என் தங்கை போன மாதம் ஒரு சனிக்கிழமை இரவு போன் எடுத்தாள். “அக்கா, நீங்கள் சொன்ன சாமான் எல்லாம் போட்டுத்தான் செய்தனான். வெளியில கரிக்கட்டை மாதிரி இருக்கு, வெட்டிப் பார்த்தா உள்ளுக்குப் பச்சை. பிள்ளையள் பசியில இருக்குதுகள்” என்றாள். நான் ஒரு கேள்விதான் கேட்டேன்.

“தேனை எப்ப போட்டனி?”

“ஊறப்போடேக்கையே போட்டிட்டன்.”

பிழை அங்கேதான். அந்தக் கோழியை அன்றைக்கு எப்படிக் காப்பாற்றினோம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

இந்தச் சமையலுக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. இறைச்சியை எலும்புவரை வேகவைப்பது ஒன்று. இனிப்பும் புளிப்பும் உறைப்புமான பாணியை மேலே மினுமினுவென்று ஒட்டவைப்பது மற்றது. முதல் வேலைக்கு அரை மணி நேரமும் நிதானமான நெருப்பும் வேண்டும். இரண்டாவது வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் அந்த ஐந்து நிமிடமும் அடுப்படியை விட்டு நகரக்கூடாது. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யப்போனால் ஒன்று கெடும். அதனால் உப்பு முதலில், இனிப்பு கடைசியில். கீழே வரும் பிழைகளில் முதலாவது இந்த ஒழுங்கு மாறியதால் வருவதுதான்.

வெளிநாட்டில் இருந்து வரும் பிள்ளைகள் இந்தப் பூச்சைக் கிளேஸ் என்கிறார்கள். நான் பாணி என்றே எழுதுகிறேன்.

பிழை பார்க்குமுன் அளவும் முறையும்

ஐந்து பேருக்கு ஒரு கிலோ கோழி, காலும் தொடையுமாக இருந்தால் நல்லது. கடையில் கேட்காவிட்டால் கறிக்கு வெட்டுவதுபோலச் சின்னத் துண்டுகளாகக் கொத்தித் தந்துவிடுவார்கள். எலும்புச் சிராயும் சேர்ந்து வரும். “தம்பி, கறிக்குக் கொத்தாதேங்கோ, கால் முழுசா வரட்டும்” என்று முதலே சொல்லிவிடுங்கள். தோலோடு வாங்கினால் இறைச்சி காயாது. தோல் உரித்தது என்றால் ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் கூடப் பூச வேண்டும்.

ஊறவைக்க: தூள் உப்பு தட்டையாக 2 தேக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் 1 மேசைக்கரண்டி, மிளகுத்தூள் 1 தேக்கரண்டி, உள்ளி 6 பல்லும் பெருவிரல் அளவு இஞ்சியும் இடித்தது, கெட்டித் தயிர் 3 மேசைக்கரண்டி.

பாணிக்கு: தேன் 4 மேசைக்கரண்டி, பனங்கட்டி ஒரு சின்னத் துண்டு, சோயா சோஸ் 1 மேசைக்கரண்டி, தேசிப்புளி 1 மேசைக்கரண்டி, கரகரப்பாக இடித்த செத்தல் மிளகாய் 1 தேக்கரண்டி, உள்ளி 2 பல்லு.

துண்டுகளின் தடித்த இடத்தில் எலும்புவரை இரண்டு கீறல் போட்டு, ஊறவைக்கும் கூட்டைப் பிரட்டி, பிரிட்ஜில் நாலு மணி நேரம் வையுங்கள். தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, சூடானதும் துண்டுகளை நெருக்காமல் வைத்து ஒவ்வொரு பக்கமும் ஐந்து, ஆறு நிமிடம் சிவக்க விடுங்கள். பிறகு நாலு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து, மூடி போட்டு, சின்ன நெருப்பில் இருபது நிமிடம். மூடியைத் திறந்து சாற்றை வற்றவிட்டு, தனியே காய்ச்சி வைத்த பாணியை ஊற்றி, நாலைந்து நிமிடம் பிரட்டிப் பிரட்டி எடுங்கள். ஒவன் உள்ளவர்கள் 200 பாகை செல்சியஸில் 35 முதல் 45 நிமிடம் வைத்து, கடைசிப் பத்து நிமிடத்தில் மட்டும் இரண்டு தரம் பாணி பூசலாம்.

இனி, எது பிழைத்ததோ அந்த இடத்துக்குப் போங்கள்.

வெளியே கருகிவிட்டது, உள்ளே வேகவில்லை

அதிகம் பேர் அகப்படும் இடம் இது. சாதாரணச் சீனி ஏறக்குறைய 160 பாகையில்தான் உருகிச் சிவக்கத் தொடங்கும். தேனில் கூடுதலாக இருக்கும் பழச்சீனி 110 பாகையிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். விறகு அடுப்பில் ஏற்றிய இரும்புத் தாச்சி 200 பாகையைத் தாண்டுவது பெரிய விடயமே இல்லை. ஊறும்போதே தேன் கலந்திருந்தால், துண்டு தாச்சியைத் தொட்ட இரண்டாவது நிமிடமே மேற்புறம் கறுக்கத் தொடங்கும். எலும்படியில் சூடு போய்ச் சேர இருபது நிமிடத்துக்கு மேல் வேண்டும். இறைச்சி வேகும்வரை தேன் காத்திருக்காது.

கருகிய பிறகு என்ன செய்வது? தங்கையிடம் சொன்னதை அப்படியே சொல்கிறேன். நெருப்பை அணைத்துத் துண்டுகளை வெளியே எடுக்க வேண்டும். கருகிய படலத்தைக் கத்தியின் முதுகால் சுரண்டி எடுக்க வேண்டும். முழுக்கப் போகாவிட்டாலும் பரவாயில்லை, தடித்த கரி போனால் போதும். அதே தாச்சியில் மறுபடி வைக்கக்கூடாது, அடியில் இருக்கும் கரியின் கசப்பு எல்லாத் துண்டுக்கும் ஏறிவிடும். வேறு சட்டியில் அரைக் கோப்பை சுடுதண்ணீர், ஒரு நெட்டு கறிவேப்பிலை, கொஞ்ச உப்பு போட்டு, துண்டுகளை அடுக்கி மூடி, சின்ன நெருப்பில் கால் மணி நேரம் விட வேண்டும். வெந்ததைச் சோதித்துவிட்டு, தண்ணீரை வற்றவிட்டு, புதிதாகப் பாணி காய்ச்சி ஊற்ற வேண்டும். அவள் அப்படித்தான் செய்தாள். ஒன்பது மணிக்குப் பிள்ளைகள் பாணோடு சாப்பிட்டார்கள்.

வெந்ததை எப்படிச் சோதிப்பது? இறைச்சி வெப்பமானி இருந்தால் எலும்பில் படாமல் தடித்த இடத்தில் குத்திப் பாருங்கள். 74 பாகை வந்தால் சாப்பிடப் பாதுகாப்பு. கால், தொடை என்றால் 80ஐத் தாண்ட விடுவது என் வழக்கம். அந்தத் தசையில் இருக்கும் சவ்வு அப்போதுதான் கரைந்து இறைச்சி மென்மையாகும். வெப்பமானி இல்லாவிட்டால், எலும்புப் பக்கமாகக் கத்தி முனையை இறக்குங்கள். வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும், காலைத் திருகினால் மூட்டு இலகுவாக அசைய வேண்டும், உள்ளே இறைச்சி கண்ணாடி போலப் பளபளக்காமல் வெள்ளையாகி நாராகப் பிரிய வேண்டும். மூன்றும் சரியென்றால்தான் இறக்குங்கள். ஒன்றை மட்டும் நம்பாதீர்கள்.

பனங்கட்டி கூடுதலாகப் போடுகிறவர்களுக்கு இன்னொரு சொல். பனங்கட்டி தன்பாட்டிலேயே கறுப்பு. அதனால் பாணி கருகுகிறதா, இல்லையா என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. மூக்கைத்தான் நம்ப வேண்டும். இனிப்பு மணம் போய்ப் புகை மணம் வரத் தொடங்கும் அந்த நேரம் தாச்சியைத் தூக்கிவிட வேண்டும்.

ஒரு பக்கம் கருகல், மறுபக்கம் வெளிறல்

வெளியில் விறகடுப்பு வைத்துச் சமைக்கிறவர்களுக்கு வைகாசி தொடங்கினால் இந்தத் தொல்லைதான். சோளகக் காற்று அடிக்கும்போது சுவாலை முழுக்க ஒரு பக்கம் சாய்ந்துவிடும். தாச்சியின் அந்தப் பக்கம் கொதிக்கும், மறுபக்கம் வெறும் சூடு. 2010இல் மீள்குடியேறி வந்த புதிதில் தறப்பாள் கொட்டிலுக்குப் பக்கத்தில் மூன்று கல் வைத்துத்தான் சமைத்தோம். காற்றைப் பார்த்து அடுப்பின் வாயைத் திருப்பி வைப்பது அப்போது கைக்கு வந்த பழக்கம். காற்று வரும் பக்கம் ஒரு தகரத் துண்டைச் சாய்த்து வையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தாச்சியைக் கால் சுற்று திருப்புங்கள். துண்டுகளை மட்டும் இடம் மாற்றினால் போதாது, தாச்சியே திரும்ப வேண்டும்.

விறகும் முக்கியம். பன்னாடை, பாளை, தென்னோலை எல்லாம் பற்றவைக்க நல்லவை. ஆனால் அவை பக்கென்று எரிந்து அடங்கும், பாணி பூசும் நேரத்தில் அவற்றைக் கிட்டவே கொண்டுபோக வேண்டாம். காய்ந்த பாலை, வீரை போன்ற வைர விறகு நின்று எரிந்து நல்ல தணல் தரும். சிரட்டைத் தணலும் அப்படித்தான். கோழி வெந்ததும் எரிகிற கொள்ளிகளை வெளியே இழுத்துவிட்டு, தணலில் மட்டும் பாணி வேலையைச் செய்யுங்கள். கேஸ் அடுப்பில் நெருப்பைக் குறைப்பதும் விறகடுப்பில் கொள்ளியை இழுப்பதும் ஒரே காரியம்தான்.

சட்டி முழுக்கத் தண்ணீர், துண்டு சிவக்கவே இல்லை

தண்ணீர் இருக்கும்வரை சட்டியின் சூடு 100 பாகையைத் தாண்டாது. இறைச்சி சிவந்து, பொரித்த மணம் வர 140 பாகையளவு வேண்டும். ஆகவே தண்ணீர் நிற்கிற சட்டியில் கோழி அவியும், எவ்வளவு நேரம் வைத்தாலும் சிவக்காது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் தேட வேண்டும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது ஐஸ் கோழியை. முழுக்க உருகாமல் ஊறப்போட்டால் உப்புத் தூளெல்லாம் உருகிய தண்ணீரோடு வழிந்துவிடும், இறைச்சிக்குள் ஒன்றும் போகாது. முழுக் கோழி என்றால் முதல் நாளே பிரிட்ஜின் கீழ்த்தட்டில் இறக்கி வையுங்கள். அடியில் ஒரு தட்டு வைக்க மறக்க வேண்டாம். அவசரம் என்றால் பையை இறுக்கக் கட்டிக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீரை மாற்றலாம். வெயிலில் வைத்து உருக்குவதை நான் ஏற்கவே மாட்டேன். எங்கள் சித்திரை வெயிலில் வெளிப்பக்கம் பழுதாகத் தொடங்கிய பிறகும் நடுவில் ஐஸ் இருக்கும்.

அடுத்தது கழுவிய தண்ணீர். மஞ்சளும் தேசிக்காயும் போட்டுக் கழுவாமல் கோழியைச் சட்டியில் வைக்க எங்கள் அம்மாமாருக்கு மனம் வராது. ஆனால் கிருமியைக் கொல்வது நெருப்பு, கழுவும் தண்ணீர் இல்லை. குழாயடியில் பிடித்துக் கழுவினால் தெறிக்கும் துளிகள் பக்கத்தில் வைத்த பீங்கானிலும் சலாதுக்கு வெட்டிய வெங்காயத்திலும் விழும். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு பேசினில் தண்ணீர் எடுத்து மெதுவாக அலசி, பேசினையும் கையையும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். பிறகு சுத்தமான பழைய வேட்டித் துண்டால் ஒவ்வொரு துண்டையும் ஒற்றித் துடையுங்கள். அந்தத் துணியை உடனே சுடுதண்ணீரில் போட்டுவிட வேண்டும். துடைக்கும் இந்த ஒரு வேலையைச் செய்தாலே பாதித் தண்ணீர்ப் பிரச்சினை தீரும்.

தயிரும் தண்ணீர் விடும். வன்னியில் சட்டித் தயிருக்குக் குறைவில்லை, ஆனால் சில சட்டிகளில் மேலே நிற்கும் தண்ணீரே கால்வாசி. மெல்லிய துணியில் ஒரு மணி நேரம் கட்டித் தொங்கவிட்ட தயிரைப் பாவியுங்கள். சமைக்கும்போது துண்டில் மேலோட்டமாக ஒட்டி நிற்கும் கூட்டை விரலால் வழித்துவிட்டு வையுங்கள். ருசி போய்விடும் என்று பயப்பட வேண்டாம், போக வேண்டியது ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். வழிக்காமல் வைத்தால் தயிர் திரிந்து தண்ணீர் விடும், இடித்த உள்ளி கருகிக் கசக்கும்.

கடைசியாக நெருக்கம். பெரிய குடும்பம், சின்னத் தாச்சி. எல்லாவற்றையும் ஒரே தரத்தில் போட்டால் ஒன்றின் ஆவி மற்றதை நனைக்கும். இரண்டு தரமாகச் சிவக்கவைத்து, பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக அடுக்கி மூடலாம்.

இப்போதே சட்டியில் தண்ணீர் நிற்கிறதென்றால் கிண்டாதீர்கள். துண்டுகளை வெளியே எடுத்து வையுங்கள். பெரிய நெருப்பில் சாற்றை மட்டும் வற்றவிடுங்கள். எண்ணெய் பிரிந்து சடசடவென்று சத்தம் மாறும். அந்தச் சத்தம் கேட்டதும் துண்டுகளைத் திரும்பப் போட்டால் சிவக்கும். வற்றிய அந்தச் சாறு வீணாகவில்லை, பாணிக்கு அதைவிட நல்ல அடிப்படை கிடையாது.

பாணி ஒட்டவில்லை, பீங்கானில் வழிந்து கிடக்கிறது

பாணி தண்ணியாக இருந்திருக்கும், இல்லாவிட்டால் துண்டு ஈரமாக இருந்திருக்கும். வேறு காரணம் அரிது.

பாணியைத் தனிச் சட்டியில் முதலே காய்ச்சுங்கள். தேன் வாங்கும்போதே வித்தியாசம் தெரியும். பழைய போத்தலில் அடைத்து விற்கும் காட்டுத்தேன் சிலநேரம் நெகிழ்வாக இருக்கும். அது வற்றக் கூடுதல் நேரம் எடுக்கும், எனவே கடிகாரத்தைப் பார்க்காமல் பதத்தைப் பாருங்கள். அகப்பையின் முதுகில் பாணியை எடுத்து, கொஞ்சம் ஆறியதும் விரலால் ஒரு கோடு இழுங்கள். கோட்டின் இரண்டு பக்கமும் கூடாமல் நின்றால் பதம் சரி. எள்ளுருண்டைக்குப் பாகு காய்ச்சிப் பழகிய கைக்குச் சொல்வதானால், கம்பிப் பதத்துக்குக் கொஞ்சம் முந்தி. ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் அந்தக் ‘கொஞ்சம் முந்தி’ முக்கியம்.

ஊற்றுவதும் ஒரே தரத்தில் வேண்டாம். பாதியை ஊற்றிப் பிரட்டி, ஒரு நிமிடம் காயவிட்டு, மீதியை ஊற்றுங்கள். சுவருக்கு முதற்பூச்சு காயாமல் இரண்டாவது பூச்சு பிடிக்காது அல்லவா, இதுவும் அப்படித்தான். இறக்கிய பிறகு ஐந்து நிமிடம் மூடாமல் விடுங்கள். மூடினால் ஆவி படிந்து பாணி கரைந்து வழியும்.

சோளமா கரைத்து ஊற்றித் தடிப்பாக்கலாமா என்று கேட்பார்கள். தடிப்பாகும், ஆனால் அது கறிக்குழம்பின் தடிப்பு, மினுக்கம் மங்கிவிடும். எனக்கு விருப்பமில்லை. கட்டாயம் என்றால் ஒரு தேக்கரண்டியைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கொதி வந்ததும் இறக்குங்கள். புளி உள்ள கூட்டில் நீண்ட நேரம் கொதித்தால் மா இளகி மறுபடி தண்ணியாகிவிடும்.

கோழி ஊறிய கூட்டு மீதமிருந்தால் அதைப் பச்சையாகப் பாணியில் கலக்காதீர்கள். அதில் பச்சை இறைச்சியின் சாறு இருக்கிறது. முதலில் தளதளவென்று நன்றாகக் கொதித்த பிறகுதான் மற்றதெல்லாம். பச்சைக் கோழிக்குப் போட்ட தூரிகையையோ அகப்பையையோ கடைசிப் பூச்சுக்கு எடுக்கவும் கூடாது.

பாணி கல்லாகி இறுகிப் பல்லில் ஒட்டுகிறது

வற்றாப்பளைப் பொங்கலில் வாங்கும் கச்சான் அல்வா மாதிரி உடைகிறதென்றால் பாணி பதம் தாண்டிவிட்டது. இரண்டு மேசைக்கரண்டி சுடுதண்ணீரும் அரைத் தேக்கரண்டி தேசிப்புளியும் விட்டுச் சின்ன நெருப்பில் பிரட்டினால் இளகும். இறுகாமல் மணல் மணலாகப் பூத்திருந்தால் அது சீனி மட்டும் போட்டுச் செய்ததன் விளைவு. காய்ச்சத் தொடங்கும்போதே சில துளி தேசிப்புளி விட்டால் சீனி மறுபடி மணியாகாது.

மேலே ருசி, உள்ளே ஒன்றுமில்லை

இங்கே ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். எத்தனை மணி நேரம் ஊறவைத்தாலும் மிளகாய்த்தூளும் உள்ளியும் மஞ்சளும் இறைச்சிக்குள் சில மில்லிமீற்றருக்கு மேல் போவதில்லை. உள்ளே நடந்து போவது உப்பு மட்டும்தான், அதுவும் மெதுவாக. அதனால் உள்ளே சப்பென்று இருந்தால் தூளைக் கூட்டுவதில் பயனில்லை. உப்பைச் சரியான அளவில் போட்டு, அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். எலும்புவரை கீறச் சொன்னதும் இதற்காகத்தான், கீறல் வழியே கூட்டு உள்ளே இறங்கும்.

உப்பளவிலும் ஒரு வழுக்கல் உண்டு. ஆனையிறவுக் கல்லுப்பை அப்படியே கரண்டியில் அள்ளினால் கல்லுக்குக் கல் இடைவெளி இருப்பதால் தூளுப்பைவிட நிறை குறைவு, கரையவும் நேரம் எடுக்கும். அம்மியில் பொடித்துவிட்டு அளவுங்கள். ஒரு கிலோவுக்கு 12 கிராம் அளவு என் கணக்கு. சோயா சோஸிலும் உப்பு இருப்பதால் அதற்கு மேல் போக வேண்டாம்.

சமைத்து முடிந்த பிறகு சப்பென்று தெரிந்தால், இறைச்சியை எலும்பிலிருந்து பிய்த்து, வற்றிய சாற்றிலும் பாணியிலும் கொஞ்ச உப்போடு பிரட்டிவிடுங்கள். இடியப்பத்துக்கும் புட்டுக்கும் அப்படிப் பிரட்டியதுதான் பொருத்தம். சின்னப் பிள்ளைகளுக்கும் எலும்பில்லாமல் கொடுக்கலாம். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு மட்டும் தேன் போட்டது எதையும் தீத்தக்கூடாது, காய்ச்சின தேனாக இருந்தாலும். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து சமையல் சூட்டில் சாகாது, அந்த வயதுக் குடலில் அது முளைத்து நஞ்சாகும்.

இறைச்சி மாவாய்க் குழைகிறது

தேசிப்புளி கூடிவிட்டது, அல்லது பப்பாசி போட்டு நேரம் தாண்டிவிட்டது. புளி இறைச்சியின் மேற்பரப்பை நெருப்பில்லாமலே அவிப்பதுபோல மாற்றும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனால் மேலே மாப்பிடித்த மாதிரி ஆகும். பப்பாசிக்காய்ப் பால் தசைநாரையே அறுக்கும். ஒரு கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி அரைத்த காய், அரை மணி நேரம், அதுவும் ஊர்க்கோழிக்கு மட்டும். புரொய்லருக்குப் பப்பாசி தேவையே இல்லை. இரவு முழுக்க ஊறவைக்க வேண்டுமென்றால் தயிரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அதன் புளிப்பு மென்மையானது. குழைந்துபோன இறைச்சியைத் திரும்ப இறுக்க வழியில்லை. பிய்த்து ரொட்டிக்குள் வைத்துச் சுருட்டிக் கொடுங்கள்.

நெஞ்சுத் துண்டு சக்கை, ஊர்க்கோழி றப்பர்

இரண்டும் எதிரெதிர் நோய்கள். நெஞ்சு இறைச்சியில் கொழுப்பும் சவ்வும் குறைவு, 74 பாகை வந்ததும் எடுத்துவிட வேண்டும். கால்களோடு ஒன்றாகப் போட்டால் கால் வேகுமுன் நெஞ்சு காய்ந்துவிடும். நெஞ்சை இரண்டாகப் பிளந்து தட்டையாக்கி, கால்களைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துச் சேருங்கள். அவ்வளவுதான்.

ஊர்க்கோழிக்கு நேரம்தான் மருந்து. புரொய்லர் ஆறு கிழமைக்குள் கடைக்கு வந்துவிடும் இளசு. ஊர்க்கோழி மாதக்கணக்கில், முட்டையிட்டு ஓய்ந்த பேடென்றால் வருடக்கணக்கில், வளவெல்லாம் ஓடிக் கிளறித் திரிந்தது. அதன் சவ்வு முறுகி உறுதியாகியிருக்கும். அதைப் புரொய்லர் கணக்கில் அரை மணி நேரத்தில் இறக்கிவிட்டு, கடிக்க முடியவில்லை என்று கோழியைக் குறை சொல்வது நியாயமில்லை. உப்பு, மஞ்சள், இஞ்சி, மூழ்கத் தண்ணீர் விட்டு, மண்சட்டியில் சின்ன நெருப்பில் ஒரு மணி நேரமாவது விடுங்கள். முள்ளுக்கரண்டி தடையில்லாமல் இறங்க வேண்டும். பிறகு எடுத்து, துடைத்து, தாச்சியில் சிவக்கவைத்துப் பாணி ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். மிளகு தட்டிப் போட்டால் அருமையான ரசம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்களுக்கு முதல் கோப்பை.

இப்படிச் செய்த ஊர்க்கோழியின் ருசிக்குப் புரொய்லர் கிட்ட வராது. நேரம் இருக்கிற நாளில் ஒரு தரம் செய்து பாருங்கள்.

வெந்துவிட்டது, ஆனால் எலும்பருகே சிவப்பு

இளம் புரொய்லரின் எலும்பு முற்றாதது. உள்ளே இருக்கும் மச்சையின் நிறம் சமைக்கும்போது கசிந்து பக்கத்து இறைச்சியில் படியும். ஐஸில் இருந்த கோழியில் இன்னும் கூடத் தெரியும். விறகுப் புகை பட்ட இடமும் இளஞ்சிவப்பாகும். 74 பாகை வந்து, சாறும் தெளிவாக இருந்தால் அந்த நிறம் தீங்கில்லை. சாறு சிவந்து வழிந்தால் அது வேறு, திரும்ப மூடிப் பத்து நிமிடம் வையுங்கள்.

ஊறவைத்த கோழியில் ஒரு மணம்

புளித்த மணமும் வழுவழுப்பும் என்றால் கொட்டிவிடுங்கள். தூளைக் கூட்டி மறைக்க நினைக்க வேண்டாம். எங்கள் பக்கம் வெயில் காலத்தில் நிழலிலேயே 32 பாகை தாண்டும். அந்தச் சூட்டில் பச்சை இறைச்சி வெளியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. உப்பும் மஞ்சளும் பிரட்டியது காக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தளவு உப்பு ருசிக்குத்தான் காணும்.

வெள்ளிக்கிழமை மரக்கறி என்பதால், பல வீடுகளில் சனிக்கிழமைக் கோழியை வியாழனே வாங்கி வைப்பார்கள். அப்படியென்றால் பிரட்டாமல் நேராக ஐஸ் தட்டில் போடுங்கள், வெள்ளி இரவு கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள், சனி மத்தியானம் பிரட்டுங்கள். மின்சாரம் போனால் பிரிட்ஜ் கதவைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் அளவில் குளிர் தாங்கும். பிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு வேறு ஒழுங்கு: பின்னேரம் வாங்கி, கீறி, உப்புக் கூட்டுப் பிரட்டி, சோறு வடித்து முடியும் அரை மணி நேரம் மட்டும் ஊறவிட்டு, உடனே அடுப்பில் ஏற்றுங்கள். ஊறிய நேரம் குறைந்தாலும் கடைசியில் ஊற்றும் பாணி ருசியைத் தூக்கிக் கொடுக்கும்.

மிச்சம் வைத்தது மங்கி, காய்ந்துவிட்டது

சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வைத்ததைத்தான் மறுநாள் எடுக்க வேண்டும். தாச்சியில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி, ஆவி பறக்க நடுவரை சூடாக்கி, மூடியைத் திறந்து அரைத் தேக்கரண்டி தேனும் சில துளி தேசிப்புளியும் விட்டு ஒரு நிமிடம் பிரட்டினால் மினுக்கம் திரும்ப வரும்.